ஆங்கிலக் காதற் புனைகதை: மறைவான வாசிப்பும் பகிரங்க விளம்பரமும்

1775 ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதலாக மேடையேறிய ஷெரிடனின் ‘த றைவல்ஸ்’ என்னும் இன்பியல் நாடகத்திலே ஒரு காட்சி வருகின்றது. பாத் நகரின் இரவல் நூலகங்கள் யாவற்றிலும் ஏறியிறங்கிய பணிப்பெண் ஒருத்தி தான் திரட்டிய நாவல்களைத் தன் இளம் எசமானியான லிடியாவிடம் ஒப்படைக்கின்றாள். அவ்வேளையில் அத்தையும் முதிய கனவான் ஒருவரும் படியேறி வருகின்றனர் என்ற செய்தி எட்டுகின்றது. அறை அல்லோலகல்லோலப்படுகின்றது. ஒரு நூல் அலங்கார மேசையின் கீழ் எறியப்படுகின்றது. மற்றொன்று அலுமாரிக்குள் ஒளிகின்றது. தகாத தலைப்புக் கொண்ட நாவலொன்று மனிதனின் கடமைகளை விளக்கும் சமய நூலொன்றினுள் செருகப்படுகின்றது. பார்வைக்கு மேசைமீது விரித்து வைக்கப்படுவது இளம்பெண்களுக்கான பிரசங்கத் தொகுதியாகும். அப்பிரசங்கத் தொகுதியின் தாள்கள் பலவற்றைச் சிகையலங்காரக்காரன் ஏற்கெனவே கிழித்தெடுத்துவிட்டான் என்பதைச் சபையோருக்கு உணர்த்த நாடகாசிரியர் தவறவில்லை.

இக்காட்சி எழுப்பிய சிரிப்பினுள்ளே ஒரு சமூக வரலாறு பொதிந்துள்ளது. காதற் கதைகளை விரும்பி வாசிப்பதும், அவ்விருப்பத்துக்காக நாணுவதும், அந்நாணத்தை அறிந்தே அந்நூல்களை மேலும் விற்பதும் ஆங்கில மொழிச் சூழலில் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று பற்றி வளர்ந்து வந்துள்ளன. திறனாய்வாளர் பலரும் இக்குற்றவுணர்வின் காரணத்தைக் கதைகளின் உள்ளடக்கத்திலேயே தேடினர். உள்ளடக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் நூல் எவ்வழியாக, என்ன விலைக்கு, யாருடைய கைக்கு வந்து சேர்ந்தது என்பதே அந்நாணத்தைப் பெரிதும் நிர்ணயித்தது என்பதற்குச் சான்றுகள் உள.

ஆங்கில நாவலின் தொடக்ககாலப் படைப்புக்களுள் முதன்மையான ‘பமேலா’ 1740 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அதனை இயற்றிய சாமுவேல் றிச்சாட்சன் அக்காலை ஐம்பத்தொரு வயதான அச்சக உரிமையாளர். கல்வியறிவு குறைந்தோர் கடிதம் எழுதப் பழகுவதற்கென மாதிரிக் கடிதங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தபோதே இக்கதை அவரிடம் உருக்கொண்டது. பதினைந்து வயதுப் பணிப்பெண் ஒருத்தி தன்னைக் கெடுக்க முயலும் எசமானை எதிர்த்து நின்று, ஈற்றில் அவனையே முறைப்படி மணக்கின்றாள். ஓராண்டு நிறைவதற்குள் ஐந்து பதிப்புகள் வெளிவந்தன. இவ்வெற்றி தானாக விளைந்ததன்று. நூலின் முகப்பிலேயே அதனைப் புகழ்ந்துரைக்கும் கடிதங்கள் அச்சிடப்பட்டிருந்தன. இலண்டன் சதர்க் பகுதித் தேவாலயமொன்றின் பிரசங்க பீடத்திலிருந்து மதகுரு ஒருவர் அந்நாவலைப் பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டிலேயே கதையின் காட்சிகள் தீட்டப்பெற்ற கைவிசிறிகள் விற்பனைக்கு வந்தன. சிலவு ஊரின் கொல்லன் உலைக்களத்தருகே கிராமத்தவர் கூடியிருந்து கதையைக் கேட்டனர் என்றும், பமேலாவின் திருமணப் பகுதி வாசிக்கப்பட்டதும் ஓடிச் சென்று தேவாலய மணியை ஒலித்தனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அது நடந்ததோ இல்லையோ, நெடுங்காலம் நம்பப்பட்டது.

ஈண்டு நோக்கத்தக்கது றிச்சாட்சன் கையாண்ட தந்திரமாகும். இன்பத்துக்காக வாசிக்கப்படும் கதைக்கு அவர் ஒழுக்கபோதனை என்னும் போர்வையை அணிவித்தார். கற்புக்குக் கிடைத்த பரிசு என்பதே நூலின் துணைத்தலைப்பின் பொருளாகும். எசமானனின் தீய முயற்சிகளைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, அவை யாவும் அறவுரையே எனச் சாதிப்பதிலுள்ள இரட்டைத்தன்மையை ஹென்றி பீல்டிங் உடனேயே இனங்கண்டார். 1741 இல் அவர் வெளியிட்ட ‘ஷமேலா’ என்னும் நையாண்டி, கதாநாயகியை மட்டுமன்றி முகப்பிலிருந்த பாராட்டுக் கடிதங்களையும் சேர்த்தே பரிகசித்தது. நூல் விளம்பரத்தைக் கேலிசெய்த நூலும் அந்த விளம்பரத்தின் பலனில் பங்கு பெற்றது என்பது வேறு விடயம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாசிப்பு ஒரு தொழிற்றுறையாக மாறியது. நூலின் விலை நடுத்தர வகுப்பினருக்கே எட்டாதிருந்த காலத்தில், சந்தா செலுத்தி நூல்களை இரவல் பெறும் நிலையங்கள் இங்கிலாந்தின் நகரங்கள்தோறும் தோன்றின. தொப்பி, பொத்தான், வாசனைப்பொருள் விற்ற கடைகளின் ஒரு மூலையிலும் அவை நடத்தப்பட்டன. இலண்டன் லெடன்ஹோல் வீதியில் தொழில் நடத்திய வில்லியம் லேன் இவ்வாய்ப்பைக் கண்டுகொண்டவர்களுள் முதல்வர். 1790 முதல் மினேர்வா அச்சகம் என்ற பெயரில் அவர் வெளியிட்ட நாவல்கள் பெரும்பாலும் பெண்களால் எழுதப்பட்டவை. பல நூல்களில் ஆசிரியரின் பெயரே இல்லை. வெளியூர்க் கடைக்காரர்களுக்கு நூறு நூல்கள் முதல் பத்தாயிரம் நூல்கள் வரை கொண்ட முழு நூலகங்களை அட்டவணையோடு ஆயத்தமாக அனுப்பிவைப்பதாகவும் அவர் விளம்பரம் செய்தார். அரிசியும் பருப்பும் மொத்தமாகக் கொள்முதல் செய்வதுபோலக் கதைகளும் வாங்கப்பட்டன. கலையும் ஞானமும் காக்கும் உரோம தெய்வத்தின் பெயரே மிக விரைவில் மலிவான கதைக்கு மறுபெயராயிற்று.

வசைகள் எழுந்தது இந்நிலையிலேயேயாகும். நாவல் இளம்பெண்களின் புத்தியைக் கெடுக்கும், இல்லறக் கடமைகளில் வெறுப்பை உண்டாக்கும், கிடைக்கவியலாக் கணவனை எதிர்பார்க்கச் செய்யும் என்று மதகுருமாரும் கல்வியாளரும் ஓயாது எழுதினர். இவ்வசைகளைத் தொகுத்து நோக்குவோர் ஓர் உண்மையை அவதானிக்கலாம். பெருஞ்செல்வரின் சொந்த நூலகத்தில் தோற்கட்டோடு வீற்றிருந்த நாவல்கள் இத்துணைச் சீற்றத்துக்கு உள்ளாகவில்லை. தையற்காரியும் பணிப்பெண்ணும் எசமானியும் ஒரே பிரதியை மாறி மாறி வாசித்தனர் என்பதே கலக்கத்தின் மூலமாயிருந்தது. பலர் கைப்பட்ட நூலின் அழுக்கும் வாசகியின் ஒழுக்கமும் ஒரே மொழியில் பேசப்பட்டன.

பெண்ணுரிமைக்கு வாதிட்ட மேரி வுல்ஸ்ரன்கிராவ்ற்றும் 1792 இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற நூலில் இவ்வகை நாவல்களைச் சாடியுள்ளார். ஆயின் அவரது நோக்கு வேறு. பெண்களுக்கு உறுதியான கல்வி மறுக்கப்பட்டமையாலேயே அவர்கள் இக்கதைகளில் தஞ்சம் புகுந்தனர் என்பதும், எதையுமே வாசியாதிருப்பதைவிட எதையேனும் வாசிப்பது மேல் என்பதும் அவரது கருத்தாகும். வாசகியை இகழ்வதற்கும் அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சுட்டுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்தார். பின்வந்த திறனாய்வாளர் பலர் அதனை மறந்தனர்.

ஜேன் ஒஸ்ரினிடம் நாம் காண்பது இன்னும் துணிவான நிலைப்பாடு. 1798 டிசம்பரில் தமக்கைக்கு எழுதிய கடிதமொன்றில், புதிதாகத் தொடங்கப்படவிருந்த சந்தா நூலகமொன்றைப் பற்றி அவர் குறிப்பிடுகின்றார். அந்நூலகத்தின் உரிமையாளரான பெண்மணி, தம்மிடம் நாவல்கள் மட்டுமன்றிச் சகலவித இலக்கியங்களும் இருக்குமென அறிவித்திருந்தார். தமது குடும்பத்தினர் நாவல்களை மிக விரும்பி வாசிப்போர், அதற்காக வெட்கப்படாதோர், ஆதலின் அவர்களுக்கு இப்பாசாங்கு தேவையில்லை என்று ஒஸ்ரின் நகைக்கின்றார். இதே கருத்து ‘நோதாங்கர் அபி’ நாவலின் ஐந்தாம் அதிகாரத்தில் விரிவான வாதமாக வளர்கின்றது. அந்நாவலில் தோழியொருத்தி ஆவலோடு பட்டியலிடும் ஏழு பயங்கரக் கதைகளுள் ஆறு மினேர்வா வெளியீடுகளாகும். நாவலை நாவலாசிரியரே இழித்துரைக்கும் வழக்கத்தைக் கண்டித்த இப்படைப்பின் முந்திய வடிவத்தை 1803 இல் பத்துப் பவுணுக்கு வாங்கிய வெளியீட்டாளர் அதனை அச்சிடாமலே வைத்திருந்தார். ஆசிரியை இறந்த பின்னர், 1817 டிசம்பரிலேயே அது நூலாயிற்று.

விக்டோரியா காலத்து வரலாற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சார்ள்ஸ் எட்வேர்ட் மியூடி 1842 இல் தொடங்கிய நூலகம் ஆண்டுக்கு ஒரு கினி சந்தாவுக்கு ஒரு தடவையில் ஒரு தொகுதியை இரவல் வழங்கியது. முப்பத்தொரு சிலிங் ஆறு பென்ஸ் விலையுள்ள மூன்று தொகுதி நாவலே அந்நூலகத்தின் ஆதாரமாயிருந்தது. தெரிந்தெடுக்கப்பட்டவை என்னும் சொல்லைத் தமது நூலகத்தின் பெயரோடு அவர் சேர்த்துக்கொண்டமை தற்செயலன்று. தந்தையர் கவலையின்றி மகளிரின் கையில் கொடுக்கத்தக்க நூல்கள் என்பதே அதன் உட்பொருள். குற்றவுணர்விலிருந்து விடுதலையளிப்பதே அவர் விற்ற பண்டம் எனலாம். 1894 இல் மியூடியும் ஸ்மித்தும் விதித்த விலை நிபந்தனைகளோடு மூன்று தொகுதி நாவல் மறைந்தது. இக்காலப்பகுதியில் மத்தியதர வகுப்பின் நூலகத்துக்கு வெளியே, வாராந்தம் ஒரு பென்ஸ் விலையில் விற்கப்பட்ட தொடர்கதைகளால் றெயினோல்ட்ஸ் என்பவர் இலட்சோப இலட்சம் வாசகரை ஈர்த்தார். கற்றோரால் இகழப்பட்ட இவ்வெழுத்தாளரின் நாவலொன்றைத் தழுவியே மறைமலையடிகள் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்னும் நூலை இயற்றினார் என்பதைத் தமிழ் மாணவர் நினைவிற்கொள்ளலாம். ஒரு மொழியில் ஒளித்து வாசிக்கப்பட்ட கதை இன்னொரு மொழியில் தூய நடையின் முன்மாதிரியாகியது.

இருபதாம் நூற்றாண்டில் இரவல் நூலகம் மருந்துக்கடைக்குள் நுழைந்தது. பூற்ஸ் நிறுவனம் 1890களின் இறுதியில் தொடங்கி 1966 வரை தன் கிளைகளில் நூலகங்களை நடத்தியது. நூலை மாற்ற வருபவர் விற்பனைப் பொருள்களைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. இதற்கும் கீழ்ப்படியில், முன்பணமின்றி ஒரு நூலுக்கு இரண்டு பென்ஸ் வாங்கி இரவல் கொடுத்த சிறு கடைகள் 1930களில் தெருவுக்குத் தெரு முளைத்தன. புதிய நாவலொன்றின் விலை ஏழு சிலிங் ஆறு பென்ஸாக இருந்த காலம் அது. இலண்டன் ஹாம்ஸ்ரெட்டில் அத்தகைய நூலகமுள்ள புத்தகசாலையொன்றில் பணியாற்றிய ஜோர்ஜ் ஓர்வெல், மனிதர் புகழ்வதாகப் பாவனை செய்யும் நூல்களையன்றி உண்மையில் விரும்பும் நூல்களை இரவல் நூலகத்திலேயே காணலாம் என்று 1936 இல் எழுதினார். அவரது கடையில் முதலிடம் பெற்றவர் காதற் கதைகள் எழுதிய எதல் எம். டெல். அக்கதைகளைப் பெண்கள் மட்டுமே வாசித்தனர், ஆனால் எல்லா வகையான பெண்களும் வாசித்தனர் என்பதும் அவர் அவதானிப்பாகும். 1932 இல் வெளிவந்த கியூ. டி. லீவிஸின் ஆய்வு இத்தகைய வாசிப்பைப் போதைப்பழக்கமாகவே கருதியது. நூலகம் மருந்துக்கடையில் இருந்தமையால் அவ்வுருவகம் எளிதாகக் கைவந்தது போலும்.

மில்ஸ் அன்ட் பூன் என்னும் பெயர் நிலைபெற்றது இச்சூழலிலேயே. மெதூவன் பதிப்பகத்தில் பணியாற்றிய ஜெரல்ட் மில்ஸ், சார்ள்ஸ் பூன் ஆகிய இருவரும் 1908 இல் ஆயிரம் பவுண் முதலீட்டில் இந்நிறுவனத்தை ஆரம்பித்தனர். தொடக்கத்தில் அது காதற் கதைக்கென அமைந்ததன்று. ஜாக் லண்டனும் வூட்ஹவுசும் அதன் பட்டியலில் இருந்தனர். 1928 இல் மில்ஸ் காலமானார். பொருளாதார மந்தம் நெருக்கியபோது, இரவல் நூலகங்கள் தவறாது வாங்கியவை காதற் கதைகளே என்பதைக் கண்ட பூன், நிறுவனத்தை அத்திசையில் திருப்பினார். கபில நிற அட்டையால் அந்நூல்கள் தொலைவிலிருந்தே இனங்காணப்பட்டன. நூலின் இறுதிப் பக்கங்களில் வாசகருக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. சந்தையில் நாவல்கள் மலிந்துவிட்டன, தக்கதைத் தெரிவது கடினம், ஆகவே கவனமாகத் தெரிந்தெடுக்கும் பதிப்பகத்தின் பெயரையே நம்புக என்பது அதன் சாரம்.

இவ்விளம்பரத்தின் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. ஆசிரியரின் பெயரை நம்பி நூலை நாடும் மரபைப் பதிப்பாளரின் முத்திரையை நம்பி நாடும் பழக்கமாக அது மாற்றியது. வாசகிக்கு இதனால் நன்மையுண்டு. ஏமாற்றமளிக்காத இன்பமான முடிவு அவளுக்கு உறுதியாயிற்று. ஆனால் அம்முத்திரையே அவளது நாணத்தையும் பெருக்கியது. அட்டையின் நிறமே உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. நல்லதும் தீயதுமான எழுத்துக்கள் ஒரே குவியலாகவே மதிக்கப்பட்டன. உழைத்து எழுதிய பெண்களின் தனித்தன்மை கணக்கில் வராது போயிற்று.

1949 இல் கனடாவின் வின்னிபெக் நகரில் தோன்றிய ஹார்லெக்குவின் நிறுவனம் பலவகை மலிவுப் பதிப்புகளை மறு அச்சிட்டு வந்தது. உரிமையாளர் றிச்சட் பொனிகாசிலின் மனைவி மேரி, மில்ஸ் அன்ட் பூன் வெளியிட்ட மருத்துவமனைக் காதற் கதைகளை விரும்பி வாசித்து அவற்றைப் பரிந்துரைத்தார். 1957 முதல் அவை கனடாவில் காகித அட்டையோடு வெளிவந்தன. இங்கிலாந்தின் வர்த்தக இரவல் நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில் பழைய நிறுவனத்தைத் தாங்கியது இந்த அத்திலாந்திக் கடந்த விற்பனையே. 1971 இல் ஹார்லெக்குவின் அதனை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் தலைமையேற்ற லோறன்ஸ் ஹெய்சி, சவர்க்கார வகைகளுக்குப் பேர்போன புறொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தில் விற்பனை முறைகளைப் பயின்றவர். சலவைத்தூள் பெட்டிகளினுள்ளே காதல் நாவல்கள் மாதிரிகளாக வைத்து இலவசமாக வழங்கப்பட்டன. புத்தகசாலைக்குள் காலடி வைக்கத் தயங்கும் பெண் பல்பொருள் அங்காடிக்குத் தவறாமல் வருவாள் என்ற கணிப்புப் பிழைக்கவில்லை. 1790இல் வில்லியம் லேன் தொப்பிக்கடைக்காரரை நாடியதும் இதே கணிப்பின் பேரிலாகும்.

வாசகியை நேரில் அணுகி வினவும் முயற்சி மிகத் தாமதமாகவே இடம்பெற்றது. அமெரிக்க ஆய்வாளரான ஜனிஸ் றாட்வே 1984 இல் வெளியிட்ட ‘காதற் கதை வாசிப்பு’ பற்றிய நூல் இவ்வகையில் திருப்புமுனையாகும். மத்திய மேற்குப் பகுதி நகரொன்றை ‘சிமித்தன்’ எனப் புனைபெயரிட்டு, அங்குள்ள புத்தகசாலையொன்றின் வாடிக்கையாளரான நாற்பத்திரண்டு பெண்களிடம் அவர் வினாக்கொத்து மூலம் தகவல் பெற்றார். ‘டொற்’ என்ற புனைபெயரால் சுட்டப்படும் விற்பனையாளர் அப்பெண்களின் நம்பிக்கைக்குரிய வழிகாட்டி. மாதந்தோறும் வெளிவரும் புதிய நாவல்களை வாசித்துத் தரம்பிரித்துச் செய்திமடல் ஒன்றை அவர் எழுதிவந்தார். அம்மடலின் செல்வாக்கு நியூயோர்க் வரை பரவியதால் பதிப்பாளர்கள் அச்சுப்படிகளை முன்கூட்டியே அவருக்கு அனுப்பலாயினர். கோடிக்கணக்கில் செலவிட்ட விளம்பரத்தினூடே ஒரு நகரத்துக் கடைக்காரியின் சொல் வாசகருக்குப் பெரிதாயிருந்தது. பதிப்பகம் எல்லா நூல்களும் ஒரே தரமென்று சாதித்த இடத்தில் இவர் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கூறியதே அதற்குக் காரணம்.

அப்பெண்கள் கூறிய விடைகள் லீவிஸ் போன்றோரின் முடிவுகளுக்கு எளிதில் இயைவனவல்ல. கதையைவிட வாசிக்கும் செயலைப் பற்றியே அவர்கள் மிகுதியாகப் பேசினர். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் நாள் முழுவதும் பணிசெய்யும் இல்லத்தரசிக்கு, கையிலுள்ள நூல் இப்பொழுது என்னைத் தொந்தரவு செய்யாதீர் என்னும் அறிவிப்பாகப் பயன்பட்டது. அவர்களுக்குக் குற்றவுணர்வும் இருந்தது. ஆனால் அதன் காரணங்களுள் முக்கியமானவை நூலுக்குச் செலவான பணமும், வேலையிலிருந்து திருடிக்கொண்ட நேரமும், கணவரின் முணுமுணுப்புமாகும். ஆண்கள் தொலைக்காட்சியில் விளையாட்டுப் போட்டிகளைப் பார்க்கும் நேரத்துக்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை. இதனோடு றாட்வே நின்றுவிடவில்லை. வாசிப்பு ஒரு சிறு எதிர்ப்பேயாயினும், கதை அவ்வெதிர்ப்பை மீண்டும் திருமணத்தினுள்ளேயே கொண்டுபோய் முடிக்கின்றது என்றும், முரட்டு ஆணின் கொடுமைக்கு உள்ளே மறைந்துள்ள அன்பே காரணமெனக் கற்பிக்கின்றது என்றும் அவர் சுட்டினார். பரிவும் கண்டிப்பும் ஒருங்கே அமைந்த இவ்வணுகுமுறையே இத்துறைக்குப் பொருத்தமானது.

சிற்றூர்க் காதல் நாவல் என இன்று வழங்கும் வகை இந்தத் தொடர்ச்சியிலே பின்வந்ததாகும். மேரி றசல் மிற்போர்ட் 1824 முதல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட ‘எமது கிராமம்’ என்னும் சித்திரங்களை வாசித்தோர், அதன் மூலமான திறீ மைல் குறொஸ் என்ற சிற்றூரைத் தேடிச் சென்று பார்த்தனர். ட்றொலொப் கற்பனையில் அமைத்த பார்செற் மாகாணத்தை, பல பத்தாண்டுகளின் பின் அஞ்சலா தேர்க்கெல் கடன்வாங்கித் தமது காதற் கதைகளைத் தொடர்ச்சியாக எழுதினார். அமெரிக்காவின் டெபி மக்கோம்பர் 2001 இல் தொடங்கிய சீடர் கோவ் வரிசை இம்மரபைப் பெரும் வர்த்தகமாக்கியது. ஹார்லெக்குவின் நிறுவனத்தின் கிளைப் பதிப்பகமொன்றே அதனை வெளியிட்டது. முதல் நாவலின் பெயர் ‘16 லைற்ஹவுஸ் றோட்’. தொடர்ந்தவையும் வீட்டிலக்கமும் வீதிப்பெயருமாகவே தலைப்பிடப்பட்டன. குழந்தையை இழந்த துயரில் பிரிய விரும்பும் இளந்தம்பதியருக்கு விவாகரத்து வழங்க மறுக்கும் பெண் நீதிபதியோடு கதை தொடங்குகின்றது.

இவ்வமைப்பின் வர்த்தக நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு நாவலில் கடைத்தெருவில் வணக்கம் கூறிச் சென்றவர் அடுத்த நாவலின் கதாநாயகியாகின்றார். ஊரே அடுத்த நூலுக்கான விளம்பரம். வாசகர் ஒரு கதையை வாங்குவதில்லை. குடியிருக்க ஓரிடத்தை வாங்குகின்றனர். இரு நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பட்ட தனிமையான, மறைவான வாசிப்பு என்னும் பழியும் இங்கே தளர்கின்றது. காதலர் இருவரின் அறைக்குள் அடங்காமல், அயலவர் நட்பு, முதியோர் பராமரிப்பு, இறந்தோர்க்கான துயர் எனக் கதை பரந்துவிடுவதால், நூலை எவர் முன்னும் விரித்து வைக்கலாம். ஆயினும் ஓர் இடறல் உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் நாவலை ஒளித்து வாசிக்கச் செய்தது அயலவரின் வாயே. ‘கிறான்ஃபோர்ட்’ எழுதிய எலிசபெத் காஸ்கல் அவ்வூர்ப் பேச்சின் இதத்தையும் கொடுமையையும் ஒருசேர அறிந்திருந்தார். இன்றைய சிற்றூர்க் காதற் கதையில் ஊர்ப்பேச்சு பெரும்பாலும் அன்பாகவே உருமாறுகின்றது. அங்கு புண்படுத்தும் சொல்லுக்கு ஆயுள் குறைவு.

சீடர் கோவின் மூலமாயமைந்த வாஷிங்டன் மாநிலத்துப் போட் ஓர்ச்சர்ட் நகரம் 2009 இல் கதையூரின் பெயராலேயே விழாவெடுத்து வாசகரை வரவேற்றது. மிற்போர்ட் காலத்தில் வாசகர் தாமாகத் தேடிச் சென்றனர். இங்கு ஊரே கதையின் வேடத்தைப் பூண்டு அவர்களை அழைத்தது. 2007 இல் றொபின் கார் தொடங்கிய ‘வேர்ஜின் ரிவர்’ வரிசை 2019 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் தொடராக வெளிவந்தபோது, வாசகரல்லாதோரும் அவ்வூரை அறிந்தனர். கலிபோர்ணியாவின் வடபுற மலைக்காட்டில் இருப்பதாகக் கதை கூறும் அவ்வூரைத் தேடுவோர் அங்கு காணமாட்டார். அத்தொடரின் படப்பிடிப்பு நிகழ்ந்தது ஹார்லெக்குவின் பிறந்த கனடாவிலே, பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில்.